அழித்த பின்னும் கிடந்த குரல்

ஆயுத பூஜையன்று மாலை நான் கடைக்குள் நுழைந்தபோது, நான் பயன்படுத்தும் கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் கதம்பச் சரம் சாத்தியிருந்தார்கள். பாளையங்கோட்டை மார்க்கெட்டை ஒட்டி என் அக்காவின் கணவர் நடத்தும் ஜெராக்ஸ் கடை அது. கல்லூரி முடிந்த பின் அங்கே போய் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து கொடுப்பேன். ஆள் வராத நேரங்களில் பின்வரிசைக் கணினி என்னுடையது. என் முதுகலை ஆய்வேட்டுக்கான எல்லாமே அதில்தான் இருந்தன.

பூஜைக்கு முன் கருவிகளைத் துடைத்து வைப்பது எல்லாக் கடைகளிலும் உள்ள வழக்கம். அத்தான் அதில் ஒரு படி மேலே போவார். பெட்டியைத் திறந்து தூசியை ஊதுவதோடு நிற்காமல், உள்ளே தேங்கிய பழைய கோப்புகளையும் வேண்டாத மென்பொருள்களையும் நீக்குவார். அழுக்கோடு எதையும் சாமி முன்னால் வைக்கக் கூடாது. கணினிக்கு அழுக்கு உள்ளேயும் உண்டு என்பது அவர் கட்சி.

"வாங்க பண்டிதரே," என்றார். என்னைக் கேலியாக அப்படித்தான் அழைப்பார். "ஒங்க மிஷினப் பாத்தீங்களா? வயிறு ஊதிக் கெடந்துச்சு. பூராத்தையும் எறக்கிட்டேன்."

"எதையெல்லாம் எடுத்தீங்க அத்தான்?"

"பழைய ஸ்கேன் எல்லாம் போச்சு. ரெண்டு கேம். பெறவு லினக்ஸ்னு ஒண்ணு கெடந்துச்சு, அதுதான் பெரிசு. நம்ம கடையில அத யாரு தொடுதா? சவத்தத் தூக்கிப் போட்டுட்டேன்."

அக்கா கற்பூரத் தட்டை என் பக்கம் நீட்டினாள். நான் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சூடு தெரியவில்லை.

அவர் எடுத்துப் போட்டது என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கடைக் கணினி விண்டோஸில் இயங்குவது. அதற்குள்ளேயே லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தையும் நிறுவி, ஒரு கறுப்புச் சாளரத்தைத் திறந்து, அதன் கட்டளைகளை அங்கேயே இயக்க முடியும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது மற்ற மென்பொருள்களோடு ஒன்றாகப் பட்டியலில் ஒரு வரி. உள்ளே அது தனிக் குடித்தனம். அதற்கென்று தனி அறைகள், தனிக் கோப்புகள். அந்த ஒரு வரியை நீக்கினால் குடித்தனம் முழுவதும் போய்விடும்.

எனக்கு அது தேவைப்பட்ட காரணம் எளியது. ஸ்ரீவைகுண்டத்து வாழைத்தோட்டங்களில் தார் சுமக்கும் பெண்கள், தமக்கு நேர்ந்ததை ஒருவருக்கொருவர் எப்படிச் சொல்கிறார்கள் என்பதே என் ஆய்வு. அவர்கள் பேச்சைப் பதிவு செய்து, சொல் மாறாமல் எழுதினேன். ஒரு பெண் கதையின் எந்த இடத்தில் 'பாத்துக்க' என்று நிறுத்துகிறார், எந்த இடத்தில் குரலை மாற்றிப் பிறர் பேச்சைத் தன் வாயால் பேசுகிறார் என்று கண்டறிய, எல்லாப் பேச்சுகளிலும் ஒரு சொல்லைத் தேடி அது வரும் வரிகளை மட்டும் அடுக்கிக் காட்டும் கருவி வேண்டும். லினக்ஸில் கிரெப் என்றொரு கட்டளை அதை நொடியில் செய்யும். இணையத்தில் படித்து நானாகவே கற்றுக்கொண்டேன்.

பிறர் பார்வை படாத இடம் என்பது இன்னொரு காரணம். அந்தப் பெண்கள் என்னிடம் பேசச் சம்மதித்ததே ஓர் உடன்பாட்டின் பேரில்தான். முன்பு யாரோ ஒருவர் செல்போனில் பதிவு செய்த பேச்சு ஊர் முழுக்கச் சுற்றி வந்ததில், பேசிய பெண்ணை அந்தப் பருவம் முழுவதும் ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஆகவே கூட்டத்தில் மூத்தவர் எனக்கு நிபந்தனை போட்டார். பெயர் எழுதக் கூடாது. எழுதி முடித்ததும் குரலை அழித்துவிட வேண்டும். எழுத்தும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். போனிலோ இணையத்திலோ போகக் கூடாது. நான் ஒப்புக்கொண்டேன், அப்படியே செய்தேன். ஒவ்வொரு பேச்சையும் எழுதி முடித்தவுடன் ஒலிக்கோப்பை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். எழுத்துக்கு நகல் எடுக்கவில்லை. அத்தானிடமும் சொல்லவில்லை.

எனவே அன்று மாலை அந்தப் பேச்சுகள் எங்குமே இல்லை.

பொரியும் கடலையும் கொடுத்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடைக்கு வெளியே நின்று செல்போனில் படித்தேன். அழிந்த கோப்பை மீட்க முடியுமா என்று பலர் கேட்டிருந்தார்கள். பலர் பதில் சொல்லியிருந்தார்கள். எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சில்லு வட்டாக இருந்தால் நம்பிக்கை இல்லை. பழைய, சுழலும் ஹார்ட் டிஸ்காக இருந்தால் வாய்ப்புண்டு. ஆனால் கணினியை இனிமேல் இயக்கவே கூடாது. இயக்கினால் விண்டோஸ் தன் போக்கில் எதையாவது எழுதும். எழுதும் இடம் என் பேச்சுகள் கிடக்கும் இடமாக இருக்கலாம்.

கடைக் கணினி பழையது. அதற்குச் சுழலும் டிஸ்க்தான். பூஜை இரவு எந்த மிஷினையும் யாரும் தொட மாட்டார்கள். ஆனால் மறுநாள் விஜயதசமி. அன்று காலை நல்ல நேரத்தில் ஒவ்வொரு மிஷினிலும் ஒரு வேலையாவது செய்தாக வேண்டும் என்பது அத்தானின் கண்டிப்பு.

நான் உள்ளே போய், யாரும் பார்க்காத சமயத்தில் அந்தக் கணினியின் மின்கம்பியைக் கழற்றி என் பையில் வைத்துக்கொண்டேன். பேசத் தெரிந்தவர்கள் அத்தானிடம் பேசியிருப்பார்கள்.

மறுநாள் காலை நான் கடையை அடைந்தபோது ஷட்டர் ஏறியிருந்தது. நல்ல நேரம் நான் எண்ணியதைவிட முன்னதாக இருந்திருக்கிறது. அத்தான் மேஜைக்கடியில் குனிந்திருந்தார்.

"எவன்லே கேபிள எடுத்தது?" என்று தமக்குத்தாமே கத்திக்கொண்டிருந்தார். பிறகு முன்வரிசைக் கணினியின் கம்பியை உருவி, அதைப் பின்வரிசைக் கணினியில் சொருகினார். கை சுவிட்சுக்குப் போனது.

"தொடாதீங்க!"

அந்தக் குரல் எனக்கே புதிது. வாசலில் விண்ணப்பம் எடுக்க வந்து நின்றவர் திரும்பிப் பார்த்தார். அத்தான் குனிந்த நிலையிலேயே என்னை ஏறிட்டார்.

"என்னட்டி, நாள் கெழமையும் அதுவுமா?"

"அதப் போட்டா என் படிப்பு போயிரும் அத்தான்."

சொல்லத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பையிலிருந்து கம்பியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கேலி முகம் மாறிவிட்டது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

நான் கம்பியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சரி, நான் போட மாட்டேன். ஆனா இன்னைக்கு ஒரு மிஷின் சும்மா கெடந்தா வருசம் பூரா சும்மா கெடக்கும். அதுக்கு என்ன செய்ய?"

"டிஸ்கக் கழட்டணும் அத்தான். அக்கா லேப்டாப்புல மாட்டித் தேடணும்."

"கழட்டுததும் சோலிதான," என்றார். திருப்புளியை எடுத்துச் சந்தனம் ஒட்டியிருந்த திருகுகளைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். அந்த ஆண்டு அந்தக் கணினிக்கு விஜயதசமி வேலை அதுவாயிற்று.

அக்கா பள்ளி ஆசிரியை. அவளுடைய மடிக்கணினியை அனுப்பி வைத்தாள். அதிலும் விண்டோஸ்தான். அதற்குள் மீண்டும் லினக்ஸை நிறுவினேன். கழற்றிய டிஸ்கை டிஸ்கை வெளியே வைத்தே மின்சாரம் கொடுத்து இயக்கும் மின்தாங்கி ஒன்றில் பொருத்தி, கம்பி வழியாக மடிக்கணினியோடு இணைத்தோம். விண்டோஸ் அந்த வட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளாதபடி ஒதுக்கி, உள்ளே இருக்கும் லினக்ஸிடம் அப்படியே ஒப்படைக்க ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டும்போது ஒவ்வோர் எழுத்தையும் இருமுறை பார்த்தேன். வட்டின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் அக்காவின் மடிக்கணினியையே அழிக்கக்கூடிய கருவிகள் இவை. ஒரு கேள்வியும் கேட்காமல் சொன்னதைச் செய்பவை.

கோப்புகளின் பெயர்கள் போய்விட்டன. அவற்றை அடுக்கி வைத்திருந்த அடைவுகளும் போய்விட்டன. மிஞ்சியது வட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பிரிக்கப்படாத எழுத்துக் குவியல். அதில் எதைத் தேடுவது? தேட வேண்டுமானால், அந்தப் பேச்சுகளில் மட்டும் இருந்து வேறெங்கும் இல்லாத ஒரு சொல் வேண்டும். சாதிச் சான்றிதழ்களும் திருமண அழைப்பிதழ்களும் அடிக்கும் கடையில் எவரும் தட்டச்சு செய்திருக்க முடியாத சொல்.

'பாத்துக்க' என்று தட்டினேன்.

நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு மட்டும் துடித்தது. அத்தான் இரண்டு பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து என் பின்னால் நின்றார்.

"வருதா?"

"இல்ல."

"பைய வரும்," என்றார், எனக்கு ஆறுதலாகவோ தமக்கு ஆறுதலாகவோ.

பிறகு வந்தது. முதலில் பொருளற்ற குறிகள். அவற்றின் நடுவே ஒரு வரி. *சாக்குமூட்டைய விரிச்சித் தலையில போட்டுட்டு நின்னேன் பாத்துக்க.* அடுத்து இன்னொன்று. பின் நிற்காமல் வரத் தொடங்கின. நான் கையால் வாயை மூடிக்கொண்டேன். அத்தான் குனிந்து படிக்க முயன்றார். "அத்தான், நீங்க படிக்கக் கூடாது," என்றேன். அவர் முன்பக்கம் போய் நின்றுகொண்டார்.

பெரும்பகுதி கிடைத்தது. துண்டுகளை ஒட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் மூத்தவரின் பேச்சு, என் மூன்றாம் இயல் முழுவதும் எதன்மேல் நிற்கிறதோ அந்தப் பேச்சு, பாதியில் அறுந்திருந்தது. வேலை கொடுப்பவர் வரப்பில் வந்து நின்ற இடம் வரை வார்த்தைகள் ஒழுங்காக இருந்தன. அதற்கு மேல் குப்பை.

வேறு கருவியை முயன்றேன். அது வட்டை முழுவதும் துழாவி, கிடைப்பதையெல்லாம் எண்களைப் பெயராக வைத்துப் பட்டியலிட்டது; நகல் எடுக்காமல் வட்டிலிருந்தே திறந்து பார்க்கலாம். நூற்றுக்கணக்கான கோப்புகள். எது எழுத்து, எது படம் என்று தெரியாமல் ஒன்றை அழுத்தித் திறந்தேன்.

"நான் சொல்லுதேன் கேளு, அந்த ஆளு மனுசனே கெடயாது..."

மூத்தவரின் குரல். கடை முழுவதும் கேட்டது. தொண்டையைச் செருமும் ஓசைகூடத் தெளிவாக இருந்தது. சாளரத்தை மூடுவதற்குள் இன்னும் இரண்டு சொற்கள் போய்விட்டன.

முன்பக்கம் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார். "யாரு அண்ணாச்சி, இந்தப் போடு போடுதா?"

"நாடகம்லா," என்றார் அத்தான் சட்டென்று. "எங்க கொழுந்தியா காலேஜு நாடகம். நீங்க அட்டையக் கொடுங்க."

அழித்துவிட்டேன் என்று அந்தப் பெண்களிடம் சொல்லியிருந்தேன். என் கையால் கட்டளை கொடுத்து அழித்தது. அந்தக் குரல்கள் அத்தனையும் அங்கே கிடந்தன. அத்தான் அழித்தது அழியாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு நாளாக வேண்டிக்கொண்டவள், நான் அழித்ததும் அழியவில்லை என்பதை நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. என்னிடம் அறுந்துபோன பேச்சு அந்த ஒலிக்கோப்பில் முழுதாக இருந்தது. மடிக்கணினிப் பையில் அக்காவின் காதுக்கருவி இருந்தது. ஒருமுறை கேட்டு, விட்டுப்போனதை எழுதிக்கொண்டு, பிறகு நிஜமாகவே அழித்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. விடுமுறை முடிந்ததும் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் தர வேண்டும் என்று நெறியாளர் இறுதியாகச் சொல்லியிருந்தார். தராவிட்டால் இந்தப் பருவத்தில் ஒப்படைக்க இயலாது. காதுக்கருவியை எடுத்து, சிக்கலைப் பிரித்து, கையில் வைத்திருந்தேன். பிறகு டிஸ்கின் கம்பியைப் பிடுங்கினேன்.

"அத்தான், இந்த டிஸ்க் எனக்கு வேணும்."

"எடுத்துக்கோ. அது இனி இந்தக் கடையில கெடக்க வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை தார் வெட்டு இல்லை. மின்தாங்கியையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் போனேன். வாய்க்காலை ஒட்டிய தெருவில் மூத்தவரின் வீடு. நான் வந்ததறிந்து இன்னும் இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். தின்பதற்கு ஏதோ எடுக்க எழுந்த மூத்தவரை உட்காரச் சொல்லி, முதலில் விஷயத்தைச் சொன்னேன்.

"சித்தி, குரல அழிச்சிட்டேன்னு சொன்னேன்ல. அது அழியல. இதுக்குள்ளதான் கெடக்கு."

அவர் டிஸ்கைப் பார்த்தார். அதைத் தொடவில்லை.

"யாரு கேட்டா?"

"ஒரு வரி கேட்டுட்டு. எங்க அத்தான். கடைக்கு வந்த ஒருத்தரு."

"எந்த வரி?"

சொன்னேன். மற்ற இருவரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"பேரு வந்துச்சா?"

"வரல சித்தி. அதுக்குள்ள நிறுத்திட்டேன்."

"படிச்ச புள்ளன்னுதான நம்பினோம்," என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த இருவரில் இளையவர் கேட்டார்: "அழிச்சது எப்படிம்மா கெடக்கும்? எரிச்ச பொணம் எந்திரிச்சு வருமா?"

"மிஷின் அழிக்கும்போது பேச்சத் தொடாதுக்கா. வீடு காலின்னு வெளிய பலகை மட்டும் மாட்டும். வேற ஆளு குடி வார வரைக்கும் பழைய ஆளு உள்ளதான் இருக்கும்."

"அப்பம் எங்க வீட்டுக்காரரு மாதிரின்னு சொல்லு. சோலிக்குப் போயிட்டேம்பாரு. பாத்தா கட்டில்ல கெடப்பாரு."

அடுத்தவர் சிரித்தார். மூத்தவர் சிரிக்கவில்லை.

"இப்பம் என்ன செய்யப் போற?"

"ஒங்ககிட்ட கேக்க வந்தேன். நீங்க சொன்னதுல பாதி என்கிட்ட இல்ல. இதுல முழுசா இருக்கு. ஒரு தடவ கேட்டு எழுதிக்கலாமா? நீங்க வேண்டாம்னா கேக்க மாட்டேன்."

"இதுவரைக்கும் கேட்டியா?"

"கேக்கல."

"வேண்டாம்," என்றார். "யாரும் கேக்க வேண்டாம். நீயும் கேக்க வேண்டாம். எனக்குக் கண்ணு முன்னால அழி."

மீதியை அவர் திரும்பச் சொல்வாரா என்று அப்போது கேட்கத் துணிவு வரவில்லை. மின்தாங்கியைச் சுவரில் சொருகினேன். கறுப்புச் சாளரத்தைத் திறந்தேன். வட்டின் முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை பழையதன்மேல் தாறுமாறான எழுத்துகளை எழுதிக்கொண்டே போகும் கட்டளை ஒன்று உண்டு. எழுதியவரை எவ்வளவு என்று விழுக்காட்டில் காட்டிக்கொண்டே போகும். விரல் பொத்தான்மேல் இருந்தபோது, இதை அழுத்தினால் என் மூன்றாம் இயல் இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது. அழுத்தினேன்.

எண் மெதுவாக ஏறியது. மூத்தவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்து அதையே பார்த்தார். மற்ற இருவரும் எழுந்து போய்விட்டார்கள். பாதியைத் தாண்டிச் சற்று நேரத்தில் மின்விசிறி நின்றது. மடிக்கணினி நிற்கவில்லை, ஆனால் மின்தாங்கியின் பச்சை விளக்கு அணைந்துவிட்டது. திரையில் பிழைச் செய்தி வரிசையாக விழுந்தது.

"என்னாச்சு?"

"கரண்ட் போயிட்டு சித்தி. மொதல்ல இருந்து செய்யணும்."

"அப்பம் இருந்து செய்து குடுத்துட்டுப் போ."

மின்சாரம் வரக் காத்திருந்தோம். அவர் எழுந்து போய் வாய்க்காலில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்தார். நான் டிஸ்கைக் கையால் தொடாமல் அதன் பக்கத்திலேயே இருந்தேன். அது இன்னும் பாதி அவராகவே இருந்தது.

மின்சாரம் வந்ததும் மறுபடி தொடங்கினேன். வெயில் சுவரிலிருந்து இறங்கி வாசலுக்குப் போன நேரத்தில் நூறு வந்தது.

"போயிட்டா?"

"போயிட்டு சித்தி."

"போன தடவையும் இப்படித்தான சொன்ன?"

"ஆமா. தேடிக் காட்டுதேன்."

கடையில் குரலைக் கண்டெடுத்த கருவியை முதலில் ஓட்டினேன்; ஒரு கோப்பும் வரவில்லை. பிறகு தேடும் கட்டளையைக் கொடுத்தேன். அவர் பேச்சிலிருந்தே ஒரு சொல்லை அவரே சொன்னார், அதைத் தட்டினேன். திரை வெறுமையாகவே கிடந்தது. அவர் போதும் என்று சொல்லும் வரை நான் அதை நிறுத்தவில்லை.

சோறு போட்டுக் கொடுத்தார். நான் பாதி உண்டபோது, "மீதிய எழுதாட்டா ஒன் படிப்பு நின்னுருமா?" என்று கேட்டார்.

"இந்தத் தடவ தள்ளிப் போவும்."

"அன்னைக்குச் சொன்னதுல பாதி கோவம். பாதிதான் நடந்தது. நடந்தத மட்டும் சொல்லுதேன். அதையும் நான் சொன்ன எடத்துல நிறுத்தணும்." பிறகு மடிக்கணினியைக் காட்டினார். "எங்க எழுதுவ? எங்கன கெடக்கும் அது?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். விண்டோஸுக்குள் திறந்திருந்த கறுப்புச் சாளரத்தையும், அதற்குள் இருந்த அடைவையும், மீட்ட துண்டுகள் அங்கே வரிசையாக இருப்பதையும் காட்டினேன்.

"இது இங்கன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"அக்காவுக்கும் அத்தானுக்கும் தெரியும். தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். உள்ள என்ன இருக்குன்னு தெரியாது."

அவர் சேலை நுனியால் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எழுது," என்றார்.

அவர் தொடங்கிய இடம் என்னிடம் அறுந்துபோன இடம் அன்று. வரப்பும் அந்த ஆளும் வருவதற்கு வெகுமுன்னால், வேறொரு காலையிலிருந்து, நான் கேட்டிராத சொற்களில் தொடங்கினார். நான் இடைமறிக்காமல் தட்டச்சு செய்தேன்.